மடி மட்டும் மதுரைக்கு

மதுரை விமானம் ரத்தானதும் வழக்கம்போல முதலில் நாற்காலிகளை மாற்று விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நாற்காலிகளுக்கு அவசரம் இருந்தது. பயணிகளுக்கு அவ்வளவு அவசரம் இல்லை என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் சொன்னாள். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

பாலகுரு நின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி சுபாஷிணியும் நின்றுகொண்டிருந்தாள். கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல அந்தப் பெரிய கூடத்தில் எல்லோருமே எதையாவது பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அது அவர்கள் கிளம்பிய ஊர் அல்ல. போக வேண்டிய ஊரும் அல்ல. நடுவில் இறங்கி விமானம் மாறுகிற ஊர். அதற்குப் பெயர் இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடி ஜன்னல்களுக்கு வெளியே மத்தியானமும் நின்றுகொண்டிருந்தது.

பாலகுரு பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தான். சுபாஷிணி மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை. இறங்கியதும் நேரே விசேஷ வீட்டுக்குப் போவதாகத் திட்டம். மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றிய மூன்று சீர்த்தட்டுகளை ஒரு தள்ளுவண்டியில் அடுக்கியிருந்தார்கள். பழம், வெற்றிலை பாக்கு, பூ, கற்கண்டு, சின்னஞ்சிறு பட்டுப்பாவாடை, கொலுசு. தங்கத்தோடு மட்டும் சுபாஷிணியின் கைப்பையில், சிவப்புப் பெட்டிக்குள் இருந்தது.

மறுநாள் காலை மதுரையில் அக்கா விஜயராணியின் மகளுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். அந்தத் தாய்மாமன் பாலகுரு.

அவன் அந்தக் குழந்தையை இதுவரை பார்த்ததில்லை.

விஜயராணி தன் நாத்தனாரைத் தம்பிக்குக் கட்டிவைக்க நினைத்திருந்தாள். தம்பியோ தன்கூட வேலை பார்த்த சுபாஷிணியைக் கட்டிக்கொண்டான். அக்கா கல்யாணத்துக்கு வரவில்லை. பிறகு பேசவும் இல்லை. குழந்தை பிறந்ததைக்கூட யாரோ வைத்த வாட்ஸப் ஸ்டேட்டஸில்தான் பார்த்தான். தன்விகா என்று பெயர் வைத்திருப்பதை இன்னொருவர் ஸ்டேட்டஸில் பார்த்தான்.

திடீரென்று ஒருநாள் போன் வந்தது.

"பாப்பாவுக்குக் காது குத்துறோம். உன் மடி வேணும்."

"வர்றேன்க்கா" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சுபாஷிணி கேட்டாள். "என்னையக் கூப்பிட்டாங்களா?"

"மடியத்தான் கேட்டா."

"சரி. மடி போனா நீங்க போய்த்தானே ஆகணும். நீங்க போனா நான் வந்துதானே ஆகணும். ஒண்ணு கேட்டா மூணு வரும்னு மதினிக்கும் தெரியும்."

அப்போது அது சரியான கணக்காகத்தான் பட்டது.

மாற்று விமானத்துக்கான வரிசை தூணைச் சுற்றி, ஆண்கள் கழிவறைக்குள் நுழைந்து, பெண்கள் கழிவறை வழியாக வெளியே வந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. வரிசையென்றால் அப்படித்தான். தள்ளுவண்டியும் தட்டுகளுமாக அவர்களும் உள்ளே போய் வெளியே வந்தார்கள். வாழைப்பழம் கனிந்துகொண்டே வந்தது.

அவர்களுக்கு முன்னால் வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர் நின்றார். சட்டையின் இடதுபக்கம் கழுத்திலிருந்து நேரே கீழே தொங்கியது. அந்தப் பக்கம் தோள் இல்லை.

"நீங்களும் மதுரையா?" என்று கேட்டான் பாலகுரு.

"உசிலம்பட்டி. பேரு ஒச்சப்பன்."

"எப்ப இருந்து நிக்கிறீங்க?"

"இந்தச் சட்டை புதுசா இருந்தப்ப இருந்து."

"என்ன விசேஷம்ங்க?"

"அண்ணன் தவறிட்டாரு. பாடைக்கு நான்தான் தோள் குடுக்கணும். கவுண்டர்ல போயி, என் தோள் உடனே ஊருக்குப் போகணும்மான்னு சொன்னேன். தோளுக்கு இடம் இருந்துச்சு. அனுப்பிட்டாங்க."

"நீங்க?"

"நான் இருக்கேன்ல" என்றார் ஒச்சப்பன்.

சுபாஷிணிக்கு மனசு கேட்கவில்லை. "தோள் இன்னும் திரும்பலையாண்ணே?"

"எங்கம்மா திரும்பும்? நல்ல தோள்னு பேரு வாங்கிருச்சு. ஊர்ல யாரு செத்தாலும் அதத்தான் கூப்புடுறாய்ங்க." அவர் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தார். "இப்பக்கூட யாரோ குண்டான ஆளு."

"உங்க அண்ணன் கனமா இருந்தாரா?" என்று கேட்டான் பாலகுரு.

"இல்ல தம்பி. அண்ணன் லேசாத்தான் இருந்தாரு."

சுபாஷிணி கணவனின் காதருகே வந்தாள். "கேட்டுக்கிட்டீங்கள்ல? கவுண்டர்ல முழுசாச் சொல்லுங்க. தலையில ஆரம்பிச்சுக் கால்ல முடிங்க."

"எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். உங்க வாய்க்குத் தெரியாது."

வலதுகாலை லேசாக ஆட்டிக்கொண்டே அவன் சிரித்தான். அது அவனுடைய பழைய பழக்கம். நின்றாலும் ஆட்டுவான், உட்கார்ந்தாலும் ஆட்டுவான். சினிமா கொட்டகையில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சின்ன வயதில் அக்காதான் முழங்காலில் ஓங்கி ஒரு அடி வைப்பாள். "ஆட்டாதடா, வீட்டுக்கு ஆகாது." இப்போது அந்த வேலையைச் சுபாஷிணி கொஞ்சம் மென்மையாகப் பார்த்துக்கொள்கிறாள். முழங்காலில் கையை வைத்து அழுத்துவாள். அடுப்பைச் சிம்மில் வைப்பதுபோல.

போனில் அக்காவின் குரல்பதிவு ஒன்று வந்து விழுந்தது.

"டேய், நீ வரலைன்னா சொல்லிரு. சித்தப்பா மகன் ஜெயவீரன் மடியில வச்சுக் குத்திருவோம். அவன் இப்பவே வந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். நடுவீட்டுல. கூட்டணும்னா அவனைச் சுத்தித்தான் கூட்ட வேண்டியிருக்கு."

ஜெயவீரன் மடியில் ஒருமுறை குழந்தை உட்கார்ந்துவிட்டால் ஜெயவீரன்தான் மாமன். சடங்குக்கு அவன் மாலை, கல்யாணத்துக்கு அவன் பட்டு. அக்கா வீட்டுக் கதவு இந்த ஒரு தடவை திறந்திருக்கிறது. சாத்தினால் மறுபடியும் திறக்க அவளுக்கு இன்னொரு பிள்ளை பிறக்க வேண்டும்.

கவுண்டரில் நேர்த்தியாகக் கொண்டை போட்ட ஒரு பெண் இருந்தாள். அவளுக்கும் நாற்காலி இல்லை. இருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க சார்."

"மதுரைக்குப் போகணும்."

"எல்லாருக்கும் மதுரைக்குத்தான் சார் போகணும்."

"நாளைக்குக் காலையில காதுகுத்து. நான் தாய்மாமன்."

அவள் நிமிர்ந்தாள். "தாய்மாமனா? இத முதல்லயே சொல்லக்கூடாதா சார்?" வேகமாகத் தட்டச்சு செய்தாள். வெகுநேரம் செய்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "போன செவ்வாய்க்கிழமை விமானத்துல ரெண்டு இடம் இருக்கு சார்."

"அது போயிருச்சே."

"ஆமா சார். அந்த ரெண்டு இடமும் காலியாத்தான் போச்சு."

பாலகுரு யோசித்தான். போன செவ்வாய்க்கிழமை அக்கா இன்னும் போன் செய்திருக்கவில்லை. புதன்கிழமைதான் செய்தாள். செவ்வாய்க்கிழமை போய் இறங்கினால், அழைக்காத வீட்டு வாசலில் சீர்த்தட்டோடும் சுபாஷிணியோடும் நிற்க வேண்டும். அக்கா கதவைத் திறப்பாள், பார்ப்பாள், சாத்துவாள். செவ்வாய்க்கிழமை அவள் அப்படித்தான் இருந்தாள்.

"வேற இருக்கா?"

"வர்ற வைகாசியில ஒண்ணு இருக்கு. ஜன்னலோரம்."

"அதுக்குள்ள ஜெயவீரன் மடியில உக்கார வச்சிருவாங்க."

"அவருக்கு எந்த விமானம் சார்?"

"அவன் பஸ்ல வந்துட்டான்."

அந்தப் பெண்ணின் முகத்தில் முதன்முறையாகப் பொறாமை தெரிந்தது.

பின்னால் வரிசை நெருக்கியது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். தலையில் ஆரம்பித்துக் காலில் முடிக்கத்தான் பாலகுரு நினைத்தான். வாயைத் திறந்ததும் அக்காவின் வார்த்தைகள்தான் வந்தன.

"மேடம், நாளைக்குக் காலையில என் மடி அங்க இருக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

சுபாஷிணி கிள்ளினாள். தாமதமாகிவிட்டது. விசைகள் படபடத்தன.

"மடி, ஒண்ணு" என்றாள் அந்தப் பெண். "கிடைச்சிருச்சு சார்! கன்ஃபார்ம். வாழ்த்துகள்."

"அப்ப நானு?"

"மடிக்குத்தான் சார் இடம்."

சுபாஷிணி முன்னால் வந்தாள். "மேடம், அவரும் மடியும் ஒண்ணா வந்தவங்க."

"ஒரே டிக்கெட்டா?"

"ஒரே ஆளு!"

"டிக்கெட்டுல ஆளுன்னுதான் போட்டிருக்கு. மடி தனியா இல்ல. நானா இரக்கப்பட்டுப் பிரிச்சுக் குடுக்கிறேன். வேண்டாம்னா ரத்து பண்ணிரவா? பின்னால ஒருத்தர் தன் நாக்குக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிறார்."

பாலகுரு மனைவியைப் பார்த்தான். நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஜெயவீரனை நினைத்தான்.

"அனுப்புங்க" என்றான்.

எடை மேடையில் உட்காரச் சொன்னார்கள். வேட்டியை ஒழுங்கு பண்ணிக்கொண்டு உட்கார்ந்தான். அந்தப் பெண் ஒரு சீட்டை அவன் முழங்காலில் ஒட்டினாள்.

"மடியில கனம் ஏதாவது இருக்கா சார்?"

"இல்ல."

"வழியில பயம்?"

"இல்ல."

"இருங்க" என்றாள் சுபாஷிணி. கைப்பையிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு அவன் மடியில் வைத்தாள். "இப்பக் கொஞ்சம் இருக்கு."

"கனமா, பயமா?"

"ரெண்டும்."

அதற்கு அனுமதி உண்டு என்றார்கள். பாலகுருவை எழுந்திருக்கச் சொன்னார்கள். எழுந்தான். சிவப்புப் பெட்டி கீழே விழவில்லை. வேட்டியின் ஒரு பள்ளத்தில் அமர்ந்தபடியே பெட்டிகள் போகும் பட்டை மேல் நகர்ந்து, ரப்பர் தொங்கல்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. போகும்போது மடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"பத்திரமாப் போகட்டும்" என்றார் பின்னாலிருந்து ஒச்சப்பன். அவர் மறுபடியும் வரிசையின் கடைசியிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

சுவரோரம் இடம் பிடித்தார்கள். பாலகுரு தரையில் உட்காரப் பார்த்தான். உட்கார முடியவில்லை. மடங்கவேண்டிய இடத்தில் மடங்குவதற்கு ஒன்றும் இல்லை. குனிந்தால் நேராகச் சரிந்து, கோவிலில் விழுந்து கும்பிடுகிறவனைப்போல நீட்டமாகப் படுத்துவிட்டான். இரண்டுமுறை பார்த்துவிட்டுச் சுபாஷிணி அவனைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்ல. காத்தாட இருக்கு."

"என் தலைய எங்கன வைப்பேன் இனிமே?" என்றாள் அவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் டிவி பார்க்கும்போது அங்கேதான் வைப்பாள். கேலியாகத்தான் கேட்டாள். கேட்டு முடித்ததும் வேட்டி தொங்குகிற இடத்தையே பார்த்தாள்.

ஜன்னலில் மத்தியானம் மாறவில்லை. ஆனால் மதுரையில் விடிந்துவிட்டது. போன் அடித்தது.

"உன் மடி வந்துருச்சு" என்றாள் விஜயராணி. "நீ எங்கடா?"

"நான் வரிசையில இருக்கேன்க்கா."

பின்னணியில் நாதஸ்வர ரெக்கார்டு ஓடியது. பாத்திரங்கள் உருண்டன.

"உன் மச்சான்தான் ஏர்போர்ட்டுக்குப் போனாரு" என்றாள் கடைசியில். "முன்சீட்டுல வச்சு, பெல்ட்டு மாட்டிக் கூட்டிட்டு வந்தாரு. ஏசி போட்டாராம்."

"எப்படிக்கா அடையாளம் தெரிஞ்சுச்சு?"

"பட்டையில ஆடிக்கிட்டே வந்துச்சாம். வேற யாரு மடிடா அப்படி ஆடும்?"

"ஜெயவீரன் எந்திரிச்சிட்டானா?"

"அப்படியே தூக்கிட்டுப் போயி பந்தியில வச்சுட்டோம். சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். எல்லாரும் மாமன் எங்க, மாமன் எங்கன்னு கேக்குறாய்ங்க. மடிதான் வந்திருக்குல்ல, அப்புறம் என்னன்னு சொல்லியிருக்கேன். உன் மச்சான் வகையில ஒரு கிழவி, சீர்த்தட்டு இல்லாம மடி மட்டும் வந்திருக்குன்னு சொல்லிக்கிட்டே நிக்கிது. தோடு வந்துருச்சு. நல்லாருக்கு." பெட்டி மூடும் சத்தம் கேட்டது. "யாரு எடுத்தது?"

"சுபா."

"ம்."

அந்த "ம்" எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாலகுருவால் சொல்ல முடியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டான். சுபாஷிணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அதனருகே நின்றாள்.

"உக்கார வைக்கப் போறோம்" என்றாள் அக்கா.

கனம் வந்தது.

பாலகுருவுக்கு உடம்பு சிலிர்த்தது. இங்கே அவன் நேராக நின்றுகொண்டிருந்தான். வேட்டி சுருக்கமில்லாமல் தொங்கியது. ஆனாலும் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. இளஞ்சூடான கனம். அது தன்னை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டு வசதியான இடம் தேடியது. இரண்டு குதிகால்கள் உதைத்தன. அக்கா மகளை அவன் முதன்முறையாக மடியில் ஏந்தினான். எங்கோ இருந்துகொண்டு ஏந்தினான்.

"எப்படி இருக்கு?" என்றாள் சுபாஷிணி.

"பரங்கிக்காய் மாதிரி இருக்கு."

"பிள்ளையப் போயி..."

"நல்ல பரங்கிக்காய்" என்றான். பிறகு திடுக்கிட்டான். "ஈரமா இருக்கு சுபா."

போனில் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "மாமன் மடியில மூச்சா போயிருச்சுடி!" என்று ஒரு குரல். "போகட்டும், போகட்டும், உரிமைப்பட்ட மடிதான" என்று இன்னொரு குரல். பாலகுரு தன் உலர்ந்த வேட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பெருமையாக இருந்தது.

ஆசாரியின் குரல் கேட்டது. "மடி ஆடுதும்மா. இப்படி ஆடுனா ஊசிய எங்கிட்டு வைக்கிறது?"

"டேய், ஆட்டாதடா!" என்றாள் அக்கா.

பாலகுரு காலைப் பார்த்தான். வலதுகால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. சுபாஷிணி பட்டுச்சேலையோடு தரையில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் அவன் முழங்காலைக் கட்டிப்பிடித்தாள். பக்கத்திலிருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

"பிடிச்சிருக்கேன் மதினி" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். அக்காவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"விட்றாத" என்றாள் அக்கா.

ஒரு காது. வீறிட்ட அழுகை. மறு காது. இன்னும் பெரிய அழுகை. கனம் விறைத்து, வளைந்து, துள்ளியது. பாலகுருவின் கண்ணில் நீர் முட்டியது. கையால் அணைக்கப் பார்த்தான். கைகள் காற்றைத்தான் அணைத்தன. அவன் கைகளுக்கு டிக்கெட் போடவில்லை.

அழுகை அடங்கவில்லை. சர்க்கரை கொடுத்தார்கள். கிலுகிலுப்பை ஆட்டினார்கள். அக்கா தூக்கப் போனாள், குழந்தை வரமாட்டேன் என்று மடியைப் பிடித்துக்கொண்டது. பாலகுருவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது எப்போதும் செய்வதைச் செய்தான். சுபாஷிணியின் கைகளை விலக்கிவிட்டுக் காலை லேசாக ஆட்டினான்.

அழுகை விக்கலானது. விக்கல் முனகலானது. கனம் தளர்ந்து, கரைந்து, மடியோடு மடியாக இறங்கியது.

"தூங்கிருச்சு" என்றாள் அக்கா ரகசியமாக. "ஆட்டுறதை நிறுத்தாதடா."

"வீட்டுக்கு ஆகாதுக்கா."

"யாருடா சொன்னது? ஆட்டு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "மடி வேணும்னுதான்டா கேட்டேன். வேற எப்படிடா கேக்குறது நான்? மடி வந்து நீ வராமப் போவன்னு நான் என்னத்தக் கண்டேன்."

அவன் ஆட்டினான்.

அப்போதுதான் ஒலிபெருக்கி அழைத்தது. "மதுரை செல்லும் பயணிகள் பாலகுரு, சுபாஷிணி. உசிலம்பட்டி ஒச்சப்பன். உங்களுக்கு முழுமையாக இடம் கிடைத்துவிட்டது. உடனே வாயிலுக்கு வரவும்."

சுபாஷிணி தள்ளுவண்டியைப் பிடித்தாள். "வாங்க, வாங்க!"

பாலகுரு ஓர் அடி எடுத்துவைத்தான். போனில் குழந்தை திடுக்கிட்டு முனகியது. "என்னடா பண்ற?" என்று அக்கா பதறினாள். அவன் எடுத்துவைத்த அடியைத் திரும்ப வைத்துவிட்டு அவசரமாக ஆட்டினான். முனகல் நின்றது.

ஆட்டிக்கொண்டே நடக்க முடியாது. நடந்துகொண்டே ஆட்ட முடியாது. இரண்டையும் செய்து பார்த்தான். குழந்தைக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

"ஒச்சப்பண்ணே, நீங்களாவது ஓடுங்க" என்றாள் சுபாஷிணி.

ஒச்சப்பன் கழுத்தைச் சாய்த்தபடி நின்றார். முகத்தில் வேர்வை. "இப்பத்தாம்மா ஒருத்தரைத் தூக்கியிருக்காய்ங்க. பாதி வழியில இறக்கக் கூடாது."

ஒலிபெருக்கி மறுபடி அழைத்தது. இம்முறை குரலில் வருத்தம் குறைந்திருந்தது.

சுபாஷிணி ஒரு முடிவுக்கு வந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று அவள்தான் முதலில் சொன்னாள். அப்போதும் இதே முகம்தான்.

"நான் போறேன். பாப்பாவை மெதுவா என் தோளுக்கு மாத்திக்கிறேன். மாத்துன உடனே மிஸ்டு கால் குடுக்கிறேன். நீங்க ஓடிவந்து அடுத்ததுல ஏறிருங்க."

"அக்கா உன்னைய உள்ள விடுவாளா?"

"எங்க வீட்டுக்காரர் மடி இங்கதான் இருக்குன்னு சொல்லுவேன். விட்டுத்தானே ஆகணும்." அவன் வேட்டியின் கரையை நேராக்கிவிட்டாள். "கால் வலிச்சா மாத்தி ஆட்டுங்க."

வாயிலுக்குப் போகும் நடைபாதை அவள் நடக்க நடக்க நீண்டது. தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது. அவள் மாம்பழம் அளவு ஆனாள். எலுமிச்சம்பழம் அளவு ஆனாள். பிறகு தூரத்தில் ஒரு மஞ்சள் அரிசி. அந்த அரிசி திரும்பி நின்று கையை ஆட்டியது. அவன் பதிலுக்குக் கையை ஆட்டினான். காலையும் ஆட்டினான்.

விமானம் மத்தியானத்துக்குள் ஏறி மறைந்தது.

அவன் காத்திருந்தான். மிஸ்டு கால் வரவில்லை. வெகுநேரம் கழித்து முழுக்கால் வந்தது. சுபாஷிணி கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"வந்துட்டேங்க. மதினிதான் கதவைத் திறந்தாங்க. முதல் தட்டை வாங்குனாங்க. ரெண்டாவதை வாங்குனாங்க. மூணாவதை வாங்கும்போது கையையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டாங்க. பழம் நல்லாக் கனிஞ்சிருக்குன்னு சொன்னாங்க."

"பாப்பாவத் தூக்கிட்டியா?"

சின்ன மூச்சு ஒன்று மட்டும் கேட்டது.

"சுபா?"

"தூக்கலைங்க."

"ஏன்?"

"வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குதுங்க. புதுத் தோடு. காது ரெண்டும் செவந்து கெடக்கு. ஒரு கையால உங்க வேட்டிய இறுக்கிப் பிடிச்சிருக்கு. தூக்குறதுக்கு எனக்குக் கை வரலை. மதினியும் வேணாங்கிறாங்க. கொஞ்சம் இருங்க."

"சரி" என்றான் பாலகுரு. "கொஞ்சம்தானே."

"காலு வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. இங்க தெரியுது."

போனை அவள் வைக்கவில்லை. தரையில் எங்கோ வைத்த சத்தம் மட்டும் கேட்டது. வளையல் ஒலித்தது. பிறகு மடியின் இடதுபக்கம் இன்னொரு கனம் வந்து இறங்கியது. இது அவனுக்குப் பழக்கமான கனம். கொண்டை ஊசி வழக்கமாகக் குத்துகிற இடத்தில் சரியாகக் குத்தியது. வரிசை, விமானம், கார் என்று அலைந்த களைப்பு அவளுக்கு. பெருமூச்சு ஒன்று விட்டாள். மடி அதை வாங்கிக்கொண்டது.

பாலகுரு ஆட்டத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான். சுபாஷிணிக்கு மெதுவாக ஆட்டினால்தான் பிடிக்கும்.

நாதஸ்வர ரெக்கார்டு நின்றது. பந்தி முடிந்து ஆட்கள் சொல்லிக்கொண்டு போகும் சத்தம் குறைந்தது. ஜெயவீரனைக்கூடக் கிளப்பிவிட்டார்கள் போலிருந்தது. வீடு அமைதியானது. அப்போது மூன்றாவதாக ஒரு கனம் வந்தது. வலதுபக்கத்தில், ஓரமாக. முதலில் வைத்துப் பார்த்தது. எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. இந்தத் தலையின் கனம் அவனுக்குத் தெரியாது. அவன் தலைதான் சின்ன வயதில் அக்கா மடியில் கிடந்திருக்கிறது. இந்தத் தலை யார் மடியிலும் கிடந்ததில்லை.

போனில் மூன்று மூச்சுகள் கேட்டன. ஒன்று சின்னது. ஒன்று அவன் தினமும் கேட்பது. ஒன்று சளி பிடித்ததுபோல இருந்தது.

கொஞ்சநேரம் கழித்து நாற்காலிகள் திரும்பி வந்தன. மதுரையில் வேலை முடிந்துவிட்டதாம். ஆட்கள் ஓடிப்போய் இடம் பிடித்தார்கள். கவுண்டர் பெண் ஒரு நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து பாலகுருவின் பின்னால் போட்டாள்.

"உக்காருங்க சார். பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறீங்க."

"மடி இல்லம்மா."

"ஓ, ஆமால்ல." அவள் கவுண்டர் திரையை எட்டிப் பார்த்தாள். "உங்க மடி இப்ப அங்க நிரம்பிருச்சுன்னு காட்டுது சார். காலியானாத்தான் திருப்பி அனுப்ப முடியும். காலி பண்ணச் சொல்லவா?"

"வேண்டாம்மா" என்றான் பாலகுரு.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அவன் நின்றான். வலதுகால் மரத்துப்போனபோது இடதுகாலுக்கு மாற்றினான். மாற்றுகிற அந்த நொடியில் மதுரையில் யாரோ புரண்டார்கள். யாரும் விழித்துக்கொள்ளவில்லை. சற்றுத் தள்ளி ஒச்சப்பன் சாய்ந்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

யாரோ ஒருவர் பெட்டியோடு வந்து பாலகுருவின் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் நின்றது. அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். வரிசை தூணைச் சுற்றிக் கழிவறையை நோக்கி வளைந்தது.

பெட்டிக்காரர் அவன் முதுகைத் தட்டினார்.

"சார், இது எந்த வரிசை?"

"மதுரை."

"நகருமா சார்?"

பாலகுரு போனைக் காதோடு சேர்த்துக் கேட்டான். மூன்று மூச்சுகளும் சீராக இருந்தன.

"நகரும்" என்றான். "மெதுவாப் பேசுங்க."